குதிரையை வாங்கினோம், அப்புறம்?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் மேடையில் விட்டுப்போன சில கணக்குகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)



சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையோடு பேச்சையும் கேளுங்கள் என்பது கொஞ்சம் அதிகம்தான். செயலாளர் இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். முப்பத்து நான்கு வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். நேரமானால் ஷட்டரை இறக்கிவிடுவேன், கவலை வேண்டாம்.

இரண்டு வாரமாக நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. ரயில்வே லைன் ஓரத்துக் காலி மனையில், வேப்பமரத்தடியில் கட்டியிருக்கும் குதிரை. விலா எலும்பை எண்ணிவிடலாம். "போன வருஷம் ஒன்றைக் காப்பாற்றினோமே, இதையும் வாங்கிவிடலாம், வீட்டுக்கு 1,500" என்று ஒருவர் எழுதினார். அரை மணி நேரத்துக்குள் பத்தொன்பது பேர் சரி என்று போட்டுவிட்டார்கள். பொருளாளர் மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சிலர் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் மைக் கேட்டு வாங்கினேன்.

போன மார்கழியில் நடந்ததை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். அப்போது அந்த மரத்தடியில் நின்றது ஒரு வெள்ளைக் குதிரை. நம் பிள்ளைகள் வெள்ளையன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாண ஊர்வலத்துக்கும், மாப்பிள்ளை அழைப்பு சாரட்டுக்கும், கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்குப் போகிற குதிரை. முதுகில் சேணம் அழுத்திய புண். வெட்டாமல் விட்ட குளம்பு செருப்பு நுனி மாதிரி மேலே வளைந்திருந்தது. ஒரு கண்ணில் ஓயாமல் நீர். தண்ணீர் வைக்க ஒரு பழைய பெயின்ட் டப்பா. பாதி நாள் அது காலி.

41 வீடுகள் ஆளுக்கு 1,500 போட்டோம். 61,500 ரூபாய் சேர்ந்தது. குதிரைக்காரத் தம்பி முதலில் தர மாட்டேன் என்றார், பிறகு 60,000 என்றார், கடைசியில் 45,000-க்குப் படிந்தது. லாரி வாடகை 5,000. மருத்துவர், மருந்து 4,000. மீதி 7,500. தை இரண்டாவது வாரம், திருவள்ளூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் வெள்ளையனை அனுப்பினோம். மாதம் 7,500 கொடுத்தால் தீவனம் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வண்டி கிளம்பியபோது கேட் வாசலில் கைதட்டினோம். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். நானும்தான்.

மாசி பிறப்பதற்குள் அதே மரத்தடியில் இன்னொரு குதிரை நின்றது. இளம் குதிரை, பளபளவென்று இருந்தது. இன்று நீங்கள் படத்தில் பார்ப்பது அதைத்தான்.

யோசித்துப் பாருங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. குதிரைக்கு வேலை இல்லை, அதனால் சரியான தீனியும் இல்லை. தை பிறந்ததும் கல்யாண சீசன். கிழடு தட்டிய குதிரையை வைத்துக்கொண்டு அந்தத் தம்பி என்ன செய்வார்? அவருக்குப் புதுக் குதிரை வாங்கக் கைமுதல் தேவைப்பட்ட அதே வாரத்தில் நாம் 45,000 ரூபாயைக் கொண்டுபோய் நீட்டினோம். வங்கியில் இருந்தபோது எத்தனையோ கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். வட்டியில்லாமல், ஜாமீன் இல்லாமல், திருப்பிக் கேட்காமல் ஒரு தொழிலுக்கு முதலீடு கொடுத்தோம் என்பது எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு இயந்திரத்தை வாங்குகிறோம், சில வருடம் ஓட்டுகிறோம், கடைசியில் காயலான் கடைக்குப் போடுகிறோம். வாங்கிய விலையில் காயலான் கடை விலையைக் கழித்து, ஓடிய வருடங்களால் வகுத்தால் வருடத் தேய்மானம். தொழில் செய்கிறவருக்குக் குதிரையும் அந்தக் கணக்குதான். வெள்ளையனை 90,000-க்கு வாங்கி ஆறு வருடம் ஓட்டியதாக அந்தத் தம்பியே சொன்னார். வேலைக்கு உதவாத கிழட்டுக் குதிரைக்கு இங்கே வாங்க ஆள் இல்லை. ஆக, கடைசி விலை பூஜ்யம். வருடத்துக்கு 15,000 அவருக்குச் செலவு. நாம் 45,000 கொடுத்ததும் அந்தச் செலவு 7,500 ஆகிவிட்டது. சரிபாதி. விலையே இல்லாத ஒன்றுக்கு நாம் விலை உண்டாக்கிக் கொடுத்தோம்.

இதில் இன்னொரு கோணல் இருக்கிறது. அந்தக் குதிரை நன்றாக இருந்திருந்தால் நாம் ஒரு ரூபாய் கொடுத்திருப்போமா? புண்ணும் எலும்புமாக இருந்ததால்தான் பணம் சேர்ந்தது. மோசமாக வைத்திருப்பதற்கு நல்ல விலை, நன்றாக வைத்திருப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தம்பி வேண்டுமென்றே பட்டினி போட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் சந்தை எதற்குப் பணம் தருகிறதோ அது பெருகும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த ஏமாற்றமும் இல்லை. அமெரிக்காவில் குதிரை இறைச்சிக் கூடங்களில் கடைசியாக இருந்தவை 2007-ல் மூடப்பட்டன. அதற்குப் பிறகு அடிமாட்டு வியாபாரிகள் மாதிரியான ஆட்கள் ஏலத்தில் குதிரைகளை வாங்கி, கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரி ஏற்றுவது அதிகமானது. அதில் சிலர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். குதிரையின் படத்தைப் போட்டு, 'வெள்ளிக்கிழமைக்குள் இவ்வளவு பணம் கட்டாவிட்டால் வெட்டுக்குப் போய்விடும்' என்று எழுதினால், இரக்கமுள்ளவர்கள் இறைச்சி விலையைவிட அதிகம் கொடுத்து மீட்கிறார்கள். அந்தப் பணத்தில் வியாபாரி அடுத்த ஏலத்துக்குப் போகிறார்.

நம் ஊரிலேயே எழுநூறு வருடத்துக்கு முந்தைய கதை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து வருடத்துக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை ராஜா பெரிய விலை கொடுத்து வாங்குகிறார். வருடம் முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். காரணம், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரைக்குச் சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போட்டார்களாம். வியாபாரிகள் குதிரை வைத்தியம் தெரிந்தவர்களைக் கப்பலில் அழைத்து வருவதில்லை, வர நினைப்பவர்களையும் விடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் விற்க முடியும் என்றும் எழுதியிருக்கிறார். வாங்குவதற்கு மட்டும் பணம் இருந்து, வளர்க்க வழி செய்யாவிட்டால் லாபம் யாருக்கு என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பாண்டியன் குதிரை என்றதும் உங்களுக்கு மாணிக்கவாசகர் ஞாபகம் வந்திருக்கும். அரசன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்கப் போனவர், திருப்பெருந்துறையில் அதைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். அரசன் குதிரை எங்கே என்று கேட்டபோது சிவபெருமானே நரிகளைப் பரியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு அந்த வித்தை கிடையாது, அந்தப் பக்தியும் கிடையாது. உங்கள் பணத்துக்குக் கணக்குதான் வைத்திருக்கிறேன். அதில் பாதியைச் சொல்லிவிட்டேன். சொல்லக் கஷ்டமான பாதி இனிமேல்தான்.

மீதி இருந்த 7,500 வெள்ளையனுக்கு ஒரு மாதச் சாப்பாடு. இரண்டாவது மாதத்துக்கு ஐந்து குடும்பங்கள் சேர்ந்து கொடுத்தோம். மூன்றாவது மாதம் நான் குழுவில் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. பள்ளிக் கட்டணம், தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர் என்று அந்த மாதம் நமக்கே பிடுங்கல். தோப்புக்காரர் போன் செய்தார். 'பார்க்கலாம்' என்றேன். மறுபடி செய்தார். எடுக்கவில்லை. நான்தான் எடுக்கவில்லை. திரையில் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆடி மாதம் மனசு கேட்காமல் நேரில் போனேன். வெள்ளையன் அங்கே இல்லை. "நாலு மாசம் என் கைக்காசு போட்டேன் சார். அப்புறம் தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்டார், கொடுத்துட்டேன்" என்றார். எதற்குக் கேட்டார் என்றேன். "கல்யாண வேலைக்குத்தான்" என்றார். அந்த 'தெரிஞ்சவர்' கொடுத்த போன் எண் வேலை செய்யவில்லை. தோப்புக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிக் கையெழுத்து வாங்காதது யார்? பணம் நிறுத்தியது யார்? மெலிந்து கிடந்த குதிரையை நான்கு மாதத்தில் தேற்றி, மறுபடி சேணம் போடத் தயாராக்கிக் கொடுத்திருக்கிறோம். இதை இத்தனை நாள் உங்களிடம் சொல்லாமல் இருந்தது என் தப்பு. கணக்கு வைத்திருப்பவன் நஷ்டத்தையும் எழுத வேண்டும்.

குதிரை எவ்வளவு நாள் வாழும் தெரியுமா? ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 25, 30 வருடம். வெள்ளையனின் பல்லைப் பார்த்து மருத்துவர் சொன்ன வயது சுமார் 12. இருபத்தைந்து வரை இருந்தால் இன்னும் 13 வருடம். மாதம் 7,500 வீதம் வருடத்துக்கு 90,000. பதின்மூன்று வருடத்துக்கு 11,70,000 ரூபாய், விலைவாசி ஏறாது என்று வைத்துக்கொண்டால். நாம் 45,000 ரூபாயை விலை என்று நினைத்தோம். அது நுழைவுச்சீட்டுதான். விலை பதினொன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதையெல்லாம் நான் ஒருவரிடம் புலம்பினேன். கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நம் பி பிளாக்காரர். அவர் கேட்டார்: "சார், உங்க கணக்கு சரி. ரோட்டுல ஒருத்தன் விழுந்து கிடக்கறான். அவனைத் தூக்கறதுக்கு முன்னாடி, ரோட்டுல குழி வெட்டினவன் யாருன்னு விசாரிப்பீங்களா? குதிரைக்குத் தேய்மானம் தெரியுமா?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்த குதிரையைக் காப்பாற்றுவதற்காக இந்தக் குதிரை சாகட்டும் என்று சொல்ல நாம் யார்? அப்படியானால் விலை கொடுத்து வாங்குவது எப்போதுமே தப்பா? எப்போது சரி? அதைத் தேடிக்கொண்டிருந்தபோது எகிப்தில் நடந்த ஒரு கதை கிடைத்தது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையிலும் ஆஸ்திரேலியப் படையிலும் ஓடிய ஆயிரக்கணக்கான குதிரைகளைப் போர் முடிந்ததும் கெய்ரோவில் விற்றுவிட்டார்கள். ஆஸ்திரேலியக் குதிரைகளை வேலர் என்பார்கள். நம் மெட்ராஸ் துறைமுகத்திலும் ராணுவத்துக்காக அவை வந்து இறங்கியிருக்கின்றன. 1930-ல் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்ற ராணுவ அதிகாரியின் மனைவி, அந்தக் குதிரைகள் கிழடாகி, எலும்பும் தோலுமாகக் கல் வண்டி இழுப்பதைப் பார்த்தார். லண்டன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் குவிந்தது. மூன்று வருடத்தில் சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை தேறாத நிலையில் இருந்தன. அவற்றுக்குச் சில நாள் நல்ல தீனியும் ஓய்வும் கொடுத்து, வலியில்லாமல் உயிரை முடித்துவைத்தார்.

அவரும் நம்மைப் போல விலை கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் வாங்கியவை போர்க்குதிரைகள். போர் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்த வகையில் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. ஒன்றை வாங்கினால் பட்டியலில் ஒன்று குறையும். ஒரு நாள் பட்டியல் முடியும், முடிந்தது. அதைவிட முக்கியம், அவர் அடுத்துச் செய்தது. உள்ளூர் வண்டிக்காரர்களின் குதிரைகளையும் அதே மாதிரி வாங்கிக்கொண்டே போகவில்லை. 1934-ல் கெய்ரோவில் ஒரு குதிரை மருத்துவமனை தொடங்கி, ஏழை வண்டிக்காரர்களின் குதிரைகளுக்கு இலவச வைத்தியம் பார்த்தார். முடிகிற பட்டியலை விலைக்கு வாங்கினார். முடியாத பட்டியலுக்கு வைத்தியம் கொடுத்தார்.

மும்பையிலும் இதைப் பார்க்கலாம். விக்டோரியா என்கிற அலங்காரக் குதிரை வண்டிகளைச் சட்டவிரோதம் என்று 2015 ஜூன் மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓராண்டுக்குள் நிறுத்த வேண்டும், அந்த வண்டிகளை நம்பியிருந்தவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வேண்டும் என்றது. அப்படித் தொழிலே மூடும்போது குதிரையை ஏற்றுக்கொள்பவர் உண்மையாகவே காப்பாற்றுகிறார். அந்த இடத்துக்கு வேறு குதிரை வராது.

சம்ப்பில் தண்ணீர் நிரம்பி வழிகிறது என்றால் நம் வாட்ச்மேன் முதலில் என்ன செய்வார்? வால்வை மூடுவார். பிறகுதான் வாளியை எடுப்பார். வால்வு மூடியிருந்தால் ஒவ்வொரு வாளியும் பிரயோஜனம். திறந்திருந்தால் விடிய விடிய இறைத்தாலும் தரை ஈரம்தான்.

ஆகவே என் முடிவு இது. குதிரையை வாங்கலாம், அந்த வாங்கலோடு அந்த இடம் மூடும் என்றால். குதிரைக்காரர் தொழிலை விடுகிறார், ஆட்டோ எடுக்கிறார், வயதாகி ஊருக்குப் போகிறார் என்றால் அவர் குதிரையை ஏற்கலாம். அவருக்குக் கொடுக்கும் பணம் அடுத்த குதிரைக்குப் போகாது. இது அபூர்வமும் இல்லை. கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 2012-ல் சுமார் 6.3 லட்சமாக இருந்த குதிரை, மட்டக்குதிரைகள் 2019-ல் சுமார் 3.4 லட்சமாகிவிட்டன. தொழிலை விடுகிறவர்கள் நிறையப் பேர். தொழிலைத் தொடரப் போகிறவரிடம் குதிரையை வாங்குவது என்பது, குதிரையை மாற்ற அவருக்கு உதவுவதுதான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் பாடுபட்டதன் பலனாக வந்தது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம். போதுமான தீனி, தண்ணீர், நிழல் தராமல் வைத்திருப்பது 11-வது பிரிவில் குற்றம். புண்ணோடு வேலை வாங்குவதும் குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். அறுபது வருடத்துக்கு முந்தைய விலைவாசி. இருந்தாலும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். 35-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட் அந்தப் பிராணியைப் பராமரிப்பு இடத்துக்கு அனுப்ப உத்தரவிடலாம், செலவை உரிமையாளர் மேல் போடலாம். நாம் வாங்கினால் அவருக்கு 45,000 வரவு; புகார் கொடுத்தால் அவருக்குச் செலவு. அடித்துச் சித்திரவதை செய்கிறவர் என்றால் நான் பணத்தை எடுக்க மாட்டேன், காவல் நிலையத்துக்குத்தான் போவேன்.

ஆனால் நம் லைன் ஓரத்துத் தம்பி அந்த ரகம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். போன வருடம் விலை பேசப் போனபோது நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே பேசினோம். அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்டேன். "தம்பி, ஏன் இப்படி இளைச்சுப்போச்சு?" "மார்கழி சார். ஒரு ஆர்டர் இல்லை. ஆடியிலயும் இப்படித்தான். வைக்கோல் கட்டு வாங்கக் காசில்லை. வட்டிக்கு வாங்கின குதிரை சார், வட்டி கட்டிட்டு மிச்சத்துலதான் நாங்களே சாப்பிடறோம்." வெள்ளையனை விற்ற பணம் போதாமல் மீதிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். குதிரையை விற்பாயா என்றேன். "நீங்க கேட்டா தரேன் சார். தை வந்தாச்சு, வேற ஒண்ணு பாத்துப்பேன்" என்றார். கள்ளம் இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அங்கே ஒன்று புரிந்தது. இந்தக் குதிரை வருடம் முழுக்கப் பட்டினி கிடப்பதில்லை. ஆடியும் மார்கழியும்தான் அதற்குப் பஞ்ச காலம். ஒரு நாள் தீனிக்கு 250 ரூபாய் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 15,000. வெள்ளையனுக்கு நாம் கொடுத்த 45,000 இருந்தால் இந்தக் குதிரையின் பஞ்ச காலத்தை மூன்று வருடத்துக்கு ஓட்டலாம். குதிரையும் இங்கேயே இருக்கும். தினம் வாக்கிங் போகும்போது நம் கண்ணால் பார்க்கலாம். திருவள்ளூருக்குப் போய்த் தேட வேண்டாம்.

நீங்கள் உடனே மடக்கலாம்: இதுவும் அவர் தொழிலுக்கு மானியம்தானே? ஆமாம், மானியம்தான். ஊர்வலத்தில் பட்டாசுக்கும் செண்டை மேளத்துக்கும் நடுவே குதிரையை நிறுத்துவதே எனக்குப் பிடிக்காது. என் பேத்தி கல்யாணத்துக்குக் குதிரை வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டு விசேஷத்தில் அப்படி முடிவெடுத்தால், அதுதான் வால்வை மூடுவது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் அதுவரை கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்பதில் வித்தியாசம் உண்டு. போன வருடம், மெலிய விட்டதற்குக் கொடுத்தோம். இந்த வருடம், மெலியாமல் வைத்திருப்பதற்குக் கொடுப்போம்.

என் யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, இந்தக் குதிரையை வாங்க வேண்டாம். பணத்தைக் கையில் கொடுக்கவும் வேண்டாம். தீவனக் கடையில் சங்கம் நேரடியாகக் கட்டட்டும்.

இரண்டு, இந்த வாரமே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவோம். பெரிய வைத்தியம் தேவையென்றால் 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல், குடற்புழு, டெட்டனஸ் ஊசி எல்லாம் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் அவரிடமே கேட்போம். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். வெள்ளையனைப் பரிசோதிக்காமலேயே பிள்ளைகளைத் தடவ விட்டோம். இனி வேண்டாம்.

மூன்று, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு வெட்ட லாடக்காரருக்குச் சங்கம் கூலி கொடுக்கட்டும்.

நான்கு, இதற்கெல்லாம் பதிலாக அந்தத் தம்பி எழுதிக் கொடுக்க வேண்டும்: எப்போதும் தண்ணீர், மரநிழல் போதாத நேரத்துக்கு ஒரு கூரை, புண்ணோ நொண்டலோ இருந்தால் வேலைக்குக் கூட்டிப்போவதில்லை, தொழிலை விடும்போது முதலில் நமக்குச் சொல்வது. பேசிப் பார்த்தேன். கூரைக்குத் தகரம் கிடைத்தால் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னார். நம் மாடியில் பழைய ஷீட் சும்மா கிடக்கிறது.

ஐந்து, என்றாவது ஒரு குதிரையை நாம் ஏற்க நேர்ந்தால், வாங்கும் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வருடச் செலவு 90,000 வங்கியில் இருக்க வேண்டும். ஏற்றுக்கொள்பவரிடம், விற்கவோ கைமாற்றவோ கூடாது, முடியாவிட்டால் நம்மிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். மாதம் ஒரு முறை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். போனை எடுக்க வேண்டும்.

கடைசியாக வீட்டம்மாக்களுக்கும், அதைவிட முக்கியமாக வீட்டய்யாக்களுக்கும். மிஞ்சின சாம்பார் சாதம், பூரி, பிரெட் எதையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பான சாப்பாடு உள்ளே போனால் வயிறு முறுக்கி உயிரே போய்விடும். 'இளைத்திருக்கிறதே' என்று திடீரென்று கொள்ளை அள்ளிப் போடுவதும் ஆபத்து. பட்டினி கிடந்த குதிரைக்கு முதலில் புல்லையும் காய்ந்த தீவனத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகத்தான் கொடுக்க வேண்டும். தானியமெல்லாம் மருத்துவர் சொன்ன பிறகு. இன்றைய சர்க்கரைப் பொங்கலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போக வேண்டுமென்றால் ஒரு வாளி தண்ணீரோடு போங்கள்.

பி பிளாக்காரருக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். விழுந்து கிடப்பவனைத் தூக்குவோம் சார், கண்டிப்பாகத் தூக்குவோம். ஆனால் தூக்கின கையோடு, அடுத்தவன் விழ அதே இடத்தில் குழி வெட்டக் கடப்பாரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

வெள்ளையனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக் குதிரை, வயது பதின்மூன்று இருக்கும், இடது கண்ணில் நீர் வடியும், முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைக்காத தழும்பு. இந்தத் தை, மாசியில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கம் நீங்கள் கல்யாணத்துக்குப் போவீர்கள். மாப்பிள்ளை அழைப்பில் குதிரையைப் பார்த்தால் கிட்டே போய் அந்தத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.